பதினாறு ஓம்

காலை நீட்ட இடம் இருந்தால் போதும், வேறொன்றும் வேண்டாம் என்று சுலோசனா மனசுக்குள் நினைத்து முடிப்பதற்குள், எதிரே இருந்த சுவர் ஒரு கட்டில் அகலத்துக்குப் பின்னால் போயிற்று. அது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. நசரத்பேட்டையில், பெங்களூர் நெடுஞ்சாலையை ஒட்டிய அடுக்ககத்தின் இரண்டாவது மாடியில், அவர்கள் வீட்டுச் சின்னப் படுக்கையறை. கணவர் சரவணக்குமார் ஹாலில் டிவி பார்த்துக்கொண்டிருந்தார். விரிசல் விழவில்லை, தூசி கிளம்பவில்லை. புதிதாக வந்த தரையிலும் பழைய தரையின் அதே சந்தன நிற டைல்ஸ்தான். சுவரில் மட்டும் பெயிண்ட் கொஞ்சம் புதுசாகத் தெரிந்தது. வெளியிலிருந்து பார்த்தால் கட்டடத்தில் எந்த மாற்றமும் இல்லை. சுவர் போன பக்கத்தில் முன்பு எப்படியோ அப்படியே வெறும் காற்று, கீழே கார் கழுவும் கடை. அவள் மடியிலிருந்த கிட்டாரை இறக்காமலே காலை நீட்டிப் பார்த்தாள். நீட்ட முடிந்தது. மத்தியானம் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது, "அந்த ரூம் கொஞ்சம் பெருசாயிருக்குங்க," என்று சொன்னாள். "சாமான எல்லாம் ஒதுக்கி வெச்சா அப்படித்தான் இருக்கும்," என்றார் அவர்.

அப்போது அவளுக்கு நாற்பத்தாறு வயது. அம்பத்தூர் எஸ்டேட்டில், கண்ணாடி பதித்த ஒரு அலுவலகத்தில், எங்கோ இருக்கும் வெளிநாட்டுக்காரர்களின் மருத்துவக் காப்பீட்டு விண்ணப்பங்களைச் சரிபார்க்கும் வேலை. பேருந்தில் யாராவது பக்கத்தில் வந்து நின்றாலே, கேட்பதற்கு முன்பே ஜன்னலோரம் ஒடுங்கிக்கொள்வாள். சமையலறையில், கட்டிலில், குடும்பப் புகைப்படத்தில், எல்லாவற்றிலும் அப்படித்தான். அதை யாரும் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. விருதுநகரிலிருந்து வந்து இருபது வருஷம் ஓடியதில் உடம்பு தானாகவே பழகிக்கொண்டது. மகள் கோயம்புத்தூருக்குப் படிக்கப் போன வருஷம் அவள் கிட்டார் வாங்கினாள். ஏன் என்று கேட்டவர்களிடம் சும்மாதான் என்றாள். உண்மையில், அலுவலக ஆண்டு விழாவில் ஒரு பெண் ஒரே ஒரு தந்தியைத் தட்டிவிட்டுக் கையை எடுத்ததைப் பார்த்திருந்தாள். அந்தச் சத்தம் தேய்ந்து அடங்கும்வரை சுலோசனாவிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. அவளும் யாருக்கு என்ன வேண்டும் என்று யோசிக்கவில்லை. அது அவளுக்குப் புதிதாக இருந்தது. கிட்டாரோடு வந்த, சத்தத்தைக் கூட்டிக் கொடுக்கும் ஆம்ப் டிபன் டப்பா அளவுதான் இருக்கும். அதன் சத்தம் மூக்கடைத்துக்கொண்டு பேசுகிற மாதிரி இருந்தது. இரண்டு வருஷம் அதில்தான் வாசித்தாள். அந்த மூக்கடைப்பைத் தன் கைவாகு என்றே நினைத்துக்கொண்டாள்.

பூந்தமல்லி பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் சந்தில் ரோஷன் பேகத்தின் கடை இருந்தது. கல்யாண மண்டபங்களுக்கும் மெல்லிசைக் குழுக்களுக்கும் ஸ்பீக்கர் பெட்டி செய்து கொடுக்கிற கடை. சுலோசனா ஒயர் வாங்கத்தான் போனாள். அங்கே, ஏதோ ஒரு குழு திருப்பிக் கொடுத்துவிட்டுப் போன பெட்டி ஒன்று நின்றது. இடுப்புக்கு மேல் உயரம், கறுப்பு ரெக்ஸின், உள்ளே பன்னிரண்டு அங்குல ஸ்பீக்கர் நான்கு. தன் ஆம்பில் ஸ்பீக்கருக்கென்று ஒரு துளை இருப்பது அவளுக்கு ஞாபகம் வந்தது. பையிலிருந்து ஆம்பை எடுத்துக் காட்டி, இதை அந்தப் பெட்டியில் மாட்டலாமா என்று கேட்டாள்.

"இத்தினியூண்டு டப்பாவுக்கா?" ரோஷன் பேகம் சிரித்தார். "கொசுவ புட்ச்சாந்து யானை மேல ஒக்கார வெக்கிறியேமா."

"மாட்டினா எதுவும் வெடிச்சிடாதே?"

"இன்னாத்த வெடிக்கும்? பெரிய ஆம்ப சின்ன பொட்டில மாட்னா பொட்டி கிழியும். சின்னத பெருசுல மாட்னா ஒண்ணும் ஆவாது. பொட்டி சத்தம் போடாதும்மா, காத்தத் தள்ளும். அவ்ளோதான் அதோட வேல."

கடையில் கிடந்த ஒரு பழைய கிட்டாரை மாட்டினார்கள். அதே டப்பா, அதே விரல். சத்தம் கூடவில்லை. ஆனால் அதற்கு ஒரு அடித்தளம் வந்திருந்தது. இதுவரை ஓரமாக நின்று பேசியது, இப்போது வந்து நடுவில் உட்கார்ந்து பேசியது. சுலோசனா தந்தியிலிருந்து கையை எடுத்தாள். அவளுக்கு உண்டான உணர்ச்சி சந்தோஷம் இல்லை, கொஞ்சம் கோபம். மூக்கடைப்பு தன்னுடையது இல்லை, அந்தக் குட்டி ஸ்பீக்கருடையது என்று இத்தனை நாளாக யாரும் சொல்லவில்லையே என்ற கோபம்.

"வாங்கிக்கறேன்," என்றாள்.

"ஊட்ல கேட்டா இன்னா சொல்லுவ?"

"பீரோன்னு சொல்லிக்கறேன்."

"பீரோலேந்து பாட்டு வந்தா?"

"அதுக்குள்ள பழகிடுவாங்க."

பெட்டி ஒரு குட்டி யானை வேனில் ஏறி நசரத்பேட்டை வந்து சேர்ந்தது. மின்சாரம் ஓடும்போது ஸ்பீக்கர் கொடுக்கும் தடைக்கு ஓம் என்று ஓர் அளவு உண்டு. கடையில் எட்டு ஓம் பெட்டியும் பதினாறு ஓம் பெட்டியும் கலந்துவிடக் கூடாதென்று, ரோஷன் பேகம் எல்லாப் பெட்டிகளின் முதுகிலும் சிவப்பு பெயிண்டில் பெரிதாக எழுதி வைப்பது வழக்கம். இதன் முதுகில் "16 ஓம்" என்று இருந்தது. லிஃப்ட் முன்னால் அதைப் பார்த்தவர் வீரராகவன். ஆவடியில் ஒரு தொழிற்சாலையில் கணக்கராக இருந்து ஓய்வு பெற்றவர், அடுக்ககச் சங்கத்தின் செயலாளர். மூன்றாவது மாடியில் மிக்ஸி ஓடினாலே வாட்ஸப் குழுவில் கண்டனம் போடுகிறவர். அவர் செருப்பைக் கழற்றினார். "பதினாறு செல்வத்துக்கும் ஒவ்வொரு ஓமா? திருவேற்காட்டுல வெச்சுப் பூஜை பண்ணி எடுத்துட்டு வந்தீங்களாம்மா?" என்று கேட்டார். சுலோசனா வாயைத் திறந்தாள். லிஃப்ட் கதவு மூடிக்கொண்டது. பிறகு சொல்லலாம் என்று நினைத்தவள், பிறகும் சொல்லவில்லை. பொய் சொல்லவில்லையே என்று தனக்குத்தானே சமாதானம் செய்துகொண்டாள். அதற்குப் பிறகு அவள் எவ்வளவு நேரம் வாசித்தாலும் குழுவில் ஒரு வார்த்தை வரவில்லை. சில வீடுகளில் அந்த நேரத்தில் விளக்குகூட ஏற்றினார்கள்.

பெட்டி வந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமைதான் சுவர் முதல்முறை நகர்ந்தது. அடுத்த இரண்டு வருஷத்தில் அந்தச் சின்னப் படுக்கையறை, நல்ல ஒரு மளிகைக் கடை அளவுக்கு வளர்ந்தது. சுவர் வேகமாகப் போகாது. அவள் ஒரு தந்தியைத் தட்டி, அது அடங்கும்வரை காத்திருந்தால், அந்தக் காத்திருப்பில் கொஞ்சம் போகும். மழைக்காலத்தில் கூடுதலாகப் போகும். நடுவில் ஒரு ஜன்னலும் முளைத்தது. கொசுவலை அடித்தே வந்தது. அதன் வழியாகப் பார்த்தாலும் அதே நெடுஞ்சாலைதான் தெரிந்தது. சொத்து வரிக்கு அளக்க வந்தவர் டேப்பை இழுத்தார், டேப் போதவில்லை. டேப்பில் எவ்வளவு இருந்ததோ அதையே எழுதிக்கொண்டு, காபி குடித்துவிட்டுப் போனார். மின் கட்டணம் ஏறவில்லை. ஆனால் பெருக்க வருகிற பெண் கூடுதலாகக் கேட்டாள், கொடுத்தார்கள்.

இடம் வந்ததும் சாமானும் வந்தது. முதலில் சரவணக்குமாரின் டிரெட்மில். பிறகு திருத்தணியிலிருந்து அவர் தங்கையின் பீரோ, கொஞ்ச நாளைக்கென்று. பிறகு சங்கத்தின் பிளாஸ்டிக் நாற்காலிகள், பொங்கல் விழாக் கோலப்பலகைகள், யாரோ விட்டுப்போன அக்வேரியம். ஒவ்வொன்றையும் கொண்டுவந்தவர்கள், "உங்க வீட்லதான் எடம் இருக்கேம்மா," என்றார்கள். சுலோசனா ஒவ்வொரு முறையும் நகர்ந்துகொண்டாள். சுவர் போகிற வேகத்தில் சாமான் வந்ததால், பெரிய அறையின் ஒரு மூலையில், முன்பிருந்த அதே நான்கு டைல்ஸ் அளவு இடத்தில்தான் அவள் உட்கார்ந்து வாசித்தாள். இது யாருடைய தப்பு என்று யோசித்தபோது, யாருடைய பெயரும் வரவில்லை. தன் பெயர் மட்டும் வந்தது. அதைத் தள்ளி வைத்தாள்.

சரவணக்குமார் நல்ல மனுஷன். ஒன்று நன்றாக நடந்தால் அதை இரண்டாக்கப் பார்க்கிறவர், அவ்வளவுதான். டிரெட்மில்லுக்குப் பக்கத்தில் ஒரு டேபிள் டென்னிஸ் மேஜையும் போடலாம் என்று அவருக்குத் தோன்றியது. "இத்தனூண்டு டப்பாவுக்கே இவ்ளோ எடம்னா, பெருசு மாட்டினா என்னாகும், யோசிச்சுப் பாரு சுலோ," என்றார். இரண்டு பேர் சேர்ந்து தூக்குகிற மாதிரி ஒரு ஆம்பை எங்கிருந்தோ வாங்கி வந்தார். அவள் பேருந்தில் வந்துகொண்டிருந்த ஒரு சனிக்கிழமை மாலை, அவரே மாட்டி, தந்திகளை மொத்தமாக ஒரு இழு இழுத்தார். அந்தச் சத்தம் கார் கழுவும் கடைவரை கேட்டது. அறை முழுக்கச் சத்தம் நிரம்பியது. இரண்டு வருஷமாகப் பின்னால் போயிருந்த சுவர்கள் அத்தனையும் அன்று சாயங்காலமே பழைய இடத்துக்குத் திரும்பி வந்துவிட்டன. டிரெட்மில் கோலப்பலகைகள்மேல் ஏறி நின்றது. நாற்காலிகள் கதவு வழியாகத் தானே வெளியே பிதுங்கின. சரவணக்குமார் பீரோவுக்கும் சுவருக்கும் நடுவே, மூச்சை உள்ளே இழுத்தபடி, அவள் வரும்வரை நின்றிருந்தார். "அதிகமா இழுத்துட்டேன்போல," என்றார்.

அவள் ரோஷன் பேகத்துக்குப் போன் போட்டாள். விவரம் முழுக்கக் கேட்டுவிட்டு, "ரூமு சின்னதாச்சா, பெருசாச்சா, அதெல்லாம் எனக்கு இன்னாமா தெரியும்? ஸ்பீக்கர் கிழிஞ்சுதா, இல்லியா? அத்தச் சொல்லு," என்றார். கிழியவில்லை. "அப்ப இன்னா, மறுபடியும் உன் கொசுவ மாட்டு," என்று வைத்துவிட்டார்.

நாற்காலிகள், கோலப்பலகைகள், அக்வேரியம் எல்லாவற்றையும் சங்கத்துக்காரர்கள் எடுத்துப் போனார்கள். பீரோ திருத்தணிக்கும், பெரிய ஆம்ப் வாங்கிய இடத்துக்கும் போயிற்று. டிரெட்மில்லை நாலாவது மாடிக்காரர் வாங்கிக்கொண்டார். சுலோசனா டப்பாவை மாட்டி, முதலிலிருந்து ஆரம்பித்தாள். அந்த வருஷம் நல்ல மழை. தை பிறப்பதற்குள் அறை பழைய அளவைத் தாண்டிவிட்டது. ஒரு நாள் காலை, வாசித்து முடித்துக் கண்ணைத் திறந்து பார்த்தபோது அதில் பெட்டியும் அவளும் தவிர எதுவுமே இல்லை. காலியாக இருக்கிற இடத்தைப் பார்த்தால், யாருக்கு என்ன வைக்கலாம் என்றுதான் அவளுக்கு உடனே தோன்றும். அன்றும் தோன்றியது. தோன்றியதைக் கவனித்தாள். எதிர்ச்சுவரில் ஜன்னல் வெளிச்சம் விழுந்து, மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தது. இது எனக்குப் போதாது, இன்னும் வேண்டும் என்று நினைத்தாள். வாழ்க்கையில் முதல்முறையாக அப்படி நினைத்ததில் அவளுக்கு வெட்கம் வரவில்லை, பசி எடுத்தது.

சங்கத்தின் கூட்டம் முடிந்து வீரராகவன் மேலே வந்தபோது சரவணக்குமாரும் கூடவே வந்தார். இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்தார்கள், நாற்காலி இல்லை. எல்லா வீட்டிலும் நெருக்கடி, ஒரு பையன் பால்கனியில் குடை பிடித்துக்கொண்டு பரீட்சைக்குப் படிக்கிறான், ஒரு வீட்டில் மாமியாருக்குக் கட்டில் போட இடமில்லை என்றார் வீரராகவன். பெட்டியைக் கீழ்த்தளத்துப் பொது அறையில் வைப்பதென்று ஒருமனதாக முடிவாகியிருந்தது. மாலை போட்டு, மேடை கட்டி. வெள்ளிக்கிழமை தோறும் அவள் கீழே வந்து வாசித்தால், கட்டடம் முழுக்க எல்லோருக்கும் சமமாக வளரும்.

"சாமி காரியம்மா," என்றார். "பதினாறு ஓமும் ஒரு வீட்டுக்குள்ளேயே இருக்கலாமா?"

"அது சாமி ஓம் இல்ல சார்," என்றாள் சுலோசனா. "கரண்ட்டு அளவு. ஸ்பீக்கருக்குப் போடறது. அன்னிக்கே சொல்லியிருக்கணும், சொல்லாம விட்டுட்டேன்."

வீரராகவன் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். இனி மிக்ஸிக்கு வருகிற கண்டனம் கிட்டாருக்கும் வரும் என்று அவளுக்குத் தெரிந்தது. அவர் கழற்றி வைத்த செருப்பை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, "சரி, எந்த ஓமா இருந்தா என்னம்மா, எடம் வருதில்ல? வெள்ளிக்கிழமை வந்துடுங்க," என்றார்.

"ஒரு மணி நேரம்தான சுலோ," என்றார் சரவணக்குமார்.

கீழே வைத்தால் வேலை செய்யாது என்று சொல்லியிருக்கலாம். செய்யும் என்றே அவளுக்குத் தோன்றியது. தலைவலி, அலுவலகம், மகள் வருகிறாள் என்று ஆயிரம் காரணங்கள் எப்போதும் நாக்கு நுனியில் இருக்கும். அவற்றில் ஒன்றைச் சொன்னால் இரண்டு பேரும் எழுந்து போய்விடுவார்கள், அடுத்த வாரம் திரும்பி வருவார்கள். பால்கனியில் படிக்கிற பையனை நினைத்துப் பார்த்தாள். நிஜமாகவே நினைத்தாள்.

"அந்தப் பையன் இங்க வந்து படிக்கட்டும், நான் வேலைக்குப் போயிருக்கிற நேரத்துல," என்றாள். "பூந்தமல்லில பெட்டி இன்னும் இருக்கு, யார் வேணும்னாலும் வாங்கலாம். வெள்ளிக்கிழமை நான் வரல சார்."

"ஏம்மா?"

அவள் காரணம் எதுவும் சொல்லவில்லை. அவர்கள் காத்திருந்தார்கள். அவளும் காத்திருந்தாள். அறை பெரியது என்பதால் அந்தக் கேள்வி அடங்க வெகுநேரம் பிடித்தது.

"வரல சார்," என்றாள் மறுபடியும், அதே குரலில்.