பதினொன்றாம் பக்கம்

“டி, ஈ, ஏ, ஜி, யூ, ஈ. டீக்,” என்று அப்பாவின் பெயரை நார்மா எழுத்தெழுத்தாகச் சொல்லிக்கொண்டிருந்தபோது, பத்திரிகை அலுவலகத்தின் உள்ளறையில் செய்தி இயந்திரத்தின் மணி விடாமல் அடிக்கத் தொடங்கியது. குறிப்பெடுத்துக்கொண்டிருந்த பத்திரிகை ஆசிரியர் ப்ரூட் பென்சிலைப் போட்டுவிட்டு ஓடினார். கிழித்தெடுத்த தாளோடு திரும்பி வந்தார்.

“டல்லாஸ்ல ஜனாதிபதியைச் சுட்டுட்டாங்கம்மா.”

மரண அறிவிப்புக்காக நார்மா அரைப் பத்தி எழுதிக்கொண்டு வந்திருந்தாள். விடியற்காலையில் இறந்துபோன அப்பா ஊரெல்லாம் வீடு வீடாக ஐஸ்கட்டி போடும் வண்டி ஓட்டியவர். உடைந்து விழும் துண்டுகளைத் தெருப்பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டு, கணக்கில் உருகிப்போனதாகச் சொல்பவர். அதையும் எழுதியிருந்தாள்.

“மூணு வரி தரேன், நார்மா. பேப்பரையே மாத்தியாகணும்.”

“ஊருக்கே ஐஸ் போட்டவர் சார்.”

“எங்க வீட்டுக்கும்தான். தெரியும்மா.”

அன்று மாலைப் பேப்பரின் முதல் பக்கத்தில் கையகல எழுத்துகள். பதினொன்றாம் பக்கத்தில், டயர் விளம்பரத்துக்குக் கீழே அப்பா. அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தாள்.

“பேரு சரியா இருக்கு,” என்றாள்.

ஓக்லஹோமாவில் இருந்த சித்தப்பாவுக்கு ஒரு பிரதி அனுப்ப வேண்டும். கடைகளில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. கோழியும் அரிசியும் சமைத்து எடுத்துவந்த பக்கத்துவீட்டு லியோட்டா அத்தையிடம் அவள் வீட்டுப் பேப்பரை நார்மா கேட்டாள்.

“வேற எது வேணா கேளுடி. அது பேரப்பிள்ளைங்களுக்கு எடுத்து வெச்சது.”

மறுநாள் அப்பாவின் அடக்கத்துக்காகக் கூடிய தேவாலயத்தில் பாதிரியார் ஜனாதிபதியின் பெயரைச் சொன்னதும் எல்லோரும் அழுதார்கள். நார்மாவுக்குப் பொறுக்கவில்லை.

“இவங்கெல்லாம் நம்ம அப்பாவுக்காகவா அழறாங்க?” என்று அம்மாவின் காதில் கேட்டாள்.

“அழட்டும் விடு. யாருக்குன்னு கேட்டுக்கிட்டு,” என்றாள் அம்மா.

முப்பது வருஷம் கழித்து லியோட்டா அத்தையும் போனாள். அடக்கம் முடிந்து வந்ததும் பேத்தி டார்லீன் பழைய பெட்டியைத் திறந்தாள். போர்வைகளுக்கடியில் பழுப்பேறிய அந்தப் பேப்பர் இருந்தது.

“இது எல்லார் வீட்டிலயும் இருக்கு அத்தை. என் மாமியார் வீட்டில ரெண்டு வெச்சிருக்காங்க.”

நார்மா அதை வாங்கினாள். முதல் பக்கத்தைப் பார்க்காமல் உள்ளே புரட்டினாள். ஓரங்கள் பொடிந்து மடியில் உதிர்ந்தன.

“செய்தி முன்னாடியில்ல இருக்கு?”

“எங்கப்பா உள்ள இருக்காரு.”

டார்லீன் குனிந்து அந்த மூன்று வரிகளையும் படித்தாள். பிறகு மேஜைமேல் இருந்த காப்பிக் கோப்பைகளைத் தள்ளிவைத்து, பேப்பரை விரித்து, உள்ளங்கையால் மெதுவாக நீவிவிட்டாள்.

“இதுல எதுவுமே இல்லையே. எப்படி இருப்பாரு அவரு?”

நார்மா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.