எஃப் போட்ட இரும்பு

டீப்பாய்மேல் விரித்த செய்தித்தாளில் அந்த இரும்பு இரண்டு துண்டாகக் கிடந்தது. அதன் பக்கத்தில் காபியை வைக்க மனசில்லாமல் பியாட்ரிஸ் தட்டும் கையுமாக நின்றாள்.

பெல் கிராங்க் என்பார்கள். பழைய ராணுவ ஜீப்பின் முன்பக்கத்தில், அடியில் இருப்பது. ஸ்டியரிங்கை ஒடித்தால் அந்தத் திருப்பத்தை இரண்டு சக்கரங்களுக்கும் கொண்டுபோய்ச் சேர்ப்பது இந்த ஒரு சாண் இரும்புதான். போன மாதம் பழைய வண்டிகள் கிளப்பின் ஊர்வலத்தில், ஒக்கலிபுரம் பக்கம் ஒரு திருப்பத்தில் இது உடைந்தது. ஜீப் நடைபாதையில் ஏறி, பஸ்ஸுக்கு நின்றிருந்த கல்லூரிப் பெண் ஒருத்தியின் காலை முறித்துவிட்டது. ஜீப் பியாட்ரிஸின் கணவன் டென்சிலுடையது. ஓட்டியவன் அவள் தம்பி எரிக். டென்சில் துரை பின்னால் நின்றபடி, ஜீப்புக்குக் கிடைத்த கோப்பையைத் தூக்கி ஊருக்குக் காட்டிக்கொண்டு வந்தார்.

எரிக் பள்ளிக்கூட பஸ் டிரைவர். அதுவரை வண்டியில் ஒரு கீறல் விழவிட்டவனில்லை. விபத்துக்குப் பிறகு பள்ளியில் அவனை நிறுத்திவைத்துவிட்டார்கள். கோளாறு வண்டியில்தான் என்று கிளப்காரர்கள் சொல்லிவிட்டால் மறுநாளே பஸ்ஸை எடுக்கலாம் என்று தலைமை சிஸ்டர் சொல்லியிருந்தார். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அவன் இஸ்திரி போட்ட சட்டையோடு நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தான்.

வார்த்தை சொல்ல வேண்டியவர் அனந்தபத்மநாபன். கிளப்பில் வண்டிகளுக்கு அடியில் படுத்து, பாகமெல்லாம் ஒரிஜினல்தானா என்று பார்த்து மார்க் போடுகிறவர். அந்த ஜீப்பைச் செய்த கம்பெனி போல்ட் தலை வரைக்கும் தன் பெயரின் முதலெழுத்தான எஃப்பை முத்திரை அடித்திருந்தது. கிளப்பில் எஃப் இருந்தால் மார்க், இல்லாவிட்டால் வெட்டு. பாகம் உழைக்குமா என்று எவனும் கேட்பதில்லை.

அவர் துண்டை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பினார். "எஃப் இருக்கு. இதெல்லாம் தானா உடையற இரும்பில்லை. நடைபாதைல பலமா இடிச்சிருக்கணும். அப்புறம்தான் உடைஞ்சிருக்கும். டிரைவர் மிஸ்டேக். டென்சில், இது ஒரிஜினல்தானே?"

பியாட்ரிஸ் கணவனைப் பார்த்தாள். அவளுக்குத் தெரியும். பழைய பாகத்தில் விரிசல் கண்டதும் டென்சில் எங்கிருந்தோ மலிவாக ஒரு புதுசை வரவழைத்தான். அதில் இருந்த எழுத்தை அரத்தால் ராவிவிட்டு, கொல்லையில் துவைக்கிற கல்மேல் வைத்து எஃப் அடித்தான். துருப்பிடித்துப் பழசாகத் தெரிய, வின்டாலூ கறிக்கு அவள் வைத்திருந்த வினிகரில் உப்பைக் கொட்டி ஊறப்போட்டான். "இது தாங்குமா?" என்று அவள் கேட்டதற்கு, "மார்க்குக்குத்தானே, யாரு ஓட்டப்போறா?" என்று சிரித்தான்.

டென்சில் மைத்துனன் பக்கம் திரும்பவே இல்லை. "ஆமா சார். எங்கப்பா காலத்துலேர்ந்து வண்டியிலேயே இருந்தது."

செத்துப்போன மனுஷரையும் சாட்சிக்கு இழுத்துவிட்டான், பாவி. பியாட்ரிஸ் தட்டைச் செய்தித்தாள்மேலேயே வைத்தாள். காபி தளும்பியது.

"பொய் சார். இவரே அடிச்ச எஃப் இது. என் வினிகர்லதான் ஊறப்போட்டாரு. உடைஞ்ச எடத்தப் பாருங்க, வெல்லக்கட்டி மாதிரி பொருபொருன்னு இருக்கு. இதா ஒரிஜினல்?"

அனந்தபத்மநாபன் முகம் சுண்டிவிட்டது. இந்த இரும்புக்கு முழு மார்க் போட்டவரே அவர்தான். "மிஸஸ் டென்சில், போலிக்கும் ஒரிஜினலுக்கும் வித்தியாசம் தெரியாமயா நான் மார்க் போட்டிருக்கேன்?" என்றவர், உடைந்த முனையைப் பார்க்காமலே துண்டைக் கீழே வைத்தார்.

"தம்பின்னா உயிரு சார் இவளுக்கு," என்று டென்சில் குழைந்தான். "தப்பா எடுத்துக்காதீங்க."

பழி ஓரிடம், பாவம் ஓரிடம். எரிக் எழுந்து வந்தான். துண்டை எடுத்து எழுத்தைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தான்.

"பேஜார் பண்ணிக்காதக்கா. சார் பாத்துட்டுதானே சொல்றாரு. திருப்பத்துல எங்கியாச்சும் இடிச்சிருப்பேன். எனக்குத்தான் ஞாபகம் வரல."

அவன் வெளியே நடக்க, அவள் கேட் வரைக்கும் பின்னாலேயே ஓடினாள். "டேய், உன் மச்சான் புளுகறாருடா. என் கண்ணால பாத்தேன்."

"மச்சான் எதுக்குக்கா பொய் சொல்லணும்?" அவன் குரலில் கோபமே இல்லை. "அந்தப் பொண்ணு கால்ல கம்பி வச்சிருக்காங்க. போய்ப் பாத்துட்டுதான் வந்தேன். ஓட்டினது நான்தானே."

தான் ஓட்டி வந்த ஸ்கூட்டரின் சாவியை அவள் கையில் வைத்து மூடினான்.

"இது இங்கியே இருக்கட்டும். இனிமே நான் எதையும் ஓட்ட வேணாம்கா."

பிறகு ரோட்டைத் தாண்டத் தெருமுனைக்குப் போனான். தூரத்தில் வந்த ஆட்டோவையும் போகவிட்டு, அதற்குப் பின்னால் வந்ததையும் போகவிட்டு, ரோடு காலியான பிறகும் காலை எடுத்துவைக்காமல் அங்கேயே நின்றுகொண்டிருந்தான்.