சராசரிக்கு வெளியே ஓடிய எலிகள்

வாருங்கள், இந்தக் கதவருகே நின்று பாருங்கள்! ஓடியதே குற்றமென்று சில பெண் எலிகளை நாடுகடத்திய அநீதிக்கு நீங்களே சாட்சியாகுங்கள்.

என் அக்கா மூளை ஆய்வாளர். அவளுடைய அறையில் பொழுது தலைகீழ். நண்பகலில் வெள்ளை விளக்கு அணையும். இரவில் விழித்தோடும் எலிகளுக்கு அப்போது இரவு பிறக்கும். அவற்றுக்குப் புலப்படாத மங்கிய சிவப்பொளியில் நாம் மட்டும் தடுமாறுவோம். சாப்பாடு கொண்டுபோகும் சாக்கில் நானும் அங்கே தங்கிவிடுவேன். அந்த மரத்தூள் வாசனையும் கூண்டுக்குள் எலிகள் ஏறி ஓடும் சக்கரங்களின் கிறீச்சொலியும் இன்றும் என் நெஞ்சுக்குள் சுழல்கின்றன.

ஆண் எலிகள் நாள்தோறும் ஒரே பொழுதில் ஓடத் தொடங்கும். பெண் எலிகளோ நான்கைந்து நாளுக்கொருமுறை, உடலில் ஹார்மோன் பெருகும் நாளில், முந்திக்கொண்டு சக்கரமேறும்; அன்று மூளையின் உறக்கமும் குறையும். ஆய்வுக்கூடத்தின் வழக்கமோ வேறு. எல்லா எலிகளின் ஓட்டத்தையும் கூட்டி வரைந்த சராசரிக் கோடு வளைந்தால், வளைத்தவளை விலக்கு!

ஒரு நாள் ஆய்வுக்கூட இயக்குநர் வந்தார். “பொண் எலியால கோடு கோணலாகுதும்மா. இனிமே ஆண் மட்டும் போதும்.”

“கோணல் இல்ல சார், அது தாளம். கடைசி வரிசையில இருக்கிற பொண்ணுங்க மூணுக்கும் இன்னிக்கு அந்த ஹார்மோன் நாள். விளக்கு அணைஞ்சதும் பாருங்க, அதுங்கதான் முதல்ல ஓடும்.”

“என்னம்மா, ஜோசியமா?”

“ஜோசியக்காரி பரிகாரம் சொல்லுவா சார். நான் பார்க்கத்தான் சொல்றேன்.”

அக்காவின் இத்தனை நாள் உழைப்பும் அந்த மூன்று சக்கரங்களில் தொங்கியது. விளக்கு அணைந்தது. ஆண் கூண்டுகளில் அசைவில்லை. கடைசி வரிசையில் கிறீச்... ஒன்று, இரண்டு, மூன்றும் சுழன்றன! நான் கைதட்டியேவிட்டேன்.

இயக்குநர் சிரித்தார். “பார்த்தியா, நான் சொன்னது சரியாப் போச்சு. இதுங்க இருந்தா கணக்கே கெட்டுடும்.”

மெய்ப்பித்த சான்றே தண்டனைத் தீர்ப்பாயிற்று!

“உயிருங்கள்ல பாதி பொண்ணுதானே சார்? அதுங்க மூளையை யார் பார்க்கிறது?”

“வேற யாராவது பார்ப்பாங்க.”

மறுநாள் கடைசி வரிசை வெறிச்சோடியது. மற்ற சக்கரங்கள் வழக்கம்போல் ஒரே பொழுதில் சுழன்றன, கோடு நேரானது. அக்கா நெடுநேரம் அந்த வெற்றுப் பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். “போடா, அந்தச் சாப்பாட்டை நீயே சாப்பிடு, ஆறுது” என்றாள், என் முகம் பாராமல்.

இன்று அவள் தலை நரைத்துவிட்டது. அந்த ‘வேற யாராவது’ இன்னும் வந்தபாடில்லை. எனவே நீங்கள் வாருங்கள்! மூளையைப் பற்றி எவர் மேடையேறிப் பேசினாலும் எழுந்து நின்று கேளுங்கள்: “உங்கள் கூண்டில் பெண் எலி ஓடியதா?” விடை வரும்வரை உட்காராதீர்கள்!