ரகம் பிரிக்கிற கண்

ஆரோக்கியதாஸுக்குப் பார்வைதான் பிழைப்பு. திண்டுக்கல் தோல் ஷாப்பு ஒன்றில், அங்கேயே தொட்டியில் பதனிட்டு வரும் ஆட்டுத்தோலை வடக்கு ஜன்னல் வெளிச்சத்தில் விரித்து, சாய்த்துப் பார்த்து, ரகம் பிரிப்பது அவர் வேலை. முள் கீறியது, உண்ணி கடித்தது, அம்மை போட்டது எதுவும் அவர் கண்ணுக்குத் தப்பாது. தோலில் விழுந்த வடு போகவே போகாது என்பது அவர் கண்ட உண்மை. அதனால்தான் மகள் பிரிஸ்கில்லாவுக்கு முகத்தில் பரு கிளம்பியதும் மனிதர் ஆடிப்போனார்.

காலேஜில் முதல் வருசம் படிக்கிற பெண். முதலில் நெற்றியில் நாலைந்து, பிறகு இரண்டு கன்னமும். கோயில் பாட்டுக்குழுவில் முன்னால் நின்று பாடியவள் கடைசி பெஞ்சுக்குப் போய்விட்டாள். முகத்தில் குழி விழுந்துவிடக் கூடாதே என்ற கவலை அப்பனைப் பிடித்து ஆட்டியது.

யோசனைக்கா பஞ்சம்? உடம்புச் சூடு என்றார்கள். மாம்பழம் ஆகாது, கடலை ஆகாது, கோழி ஆகவே ஆகாது. மனைவி புஷ்பமேரி வெஞ்சனத்தில் எண்ணெயைக் குறைத்ததில் வீட்டுச் சாப்பாடே சப்பென்று போனது. சூட்டைத் தணிக்கப் பால் நல்லது என்று யாரோ சொல்ல, காலையும் ராத்திரியும் டம்ளர் நிறையப் பாலில் சீனியை அள்ளிப் போட்டு ஆரோக்கியதாஸே ஆற்றிக் கொடுத்தார். அவளும் மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தாள். பரு நன்றாகச் செழித்தது.

ஊரில் பார்த்த டாக்டர், "சாப்பாட்டுக்கும் பருவுக்கும் சம்பந்தமே இல்லைங்க. வயசுதான் காரணம். தோலுக்குள்ள எண்ணெய் சுரக்குது, துவாரம் அடைச்சுக்கிட்டா கிருமி சேந்து வீங்கும்" என்று களிம்பு எழுதிக் கொடுத்தார். அடுத்த வருசம் மதுரையில் பார்த்த டாக்டரம்மாவோ பாலையும் சீனியையும் குறைக்கச் சொன்னார்.

"சில பேருக்கு அது தூண்டிவிடுதுன்னு இப்பச் சொல்றாங்க. உறுதியாச் சொல்ல முடியாது. ஆனா கிள்ளாதம்மா. ஆழமா வீங்கி ஆறுனா அந்த இடம் குழியாயிரும்."

வெளியே வந்த ஆரோக்கியதாஸுக்குத் தலை சுற்றியது. சம்பந்தமே இல்லையா, இருக்கிறதா? இருக்கிறதென்றால், இத்தனை நாள் தன் கையால் ஆற்றி ஊற்றினாரே, அது மருந்தா, வினையா? உறுதியாகச் சொல்ல முடியாதாமே. தோல் ஷாப்பில் அப்படிச் சொன்னால் வேலையில் வைத்திருப்பார்களா?

பால் நின்றது. பரு குறைகிறதா என்று தினமும் காலையில் மகளை ஜன்னலோரம் நிறுத்தி, மோவாயைப் பிடித்து இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்ப்பார். குறைந்த மாதிரியும் இருந்தது, குறையாத மாதிரியும் இருந்தது. ஒருநாள் கட்டைவிரலால் கன்னத்தை இழுத்துப் பிடித்திருந்தபோது அவள் கேட்டாள்.

"நான் எத்தனாவது ரகம்ப்பா?"

அவர் கை தானாகக் கீழே இறங்கியது. அவள் கோபமாகக்கூடக் கேட்கவில்லை, அதுதான் கொடுமை.

அன்றிலிருந்து அவள் முகத்தைப் பார்ப்பதையே விட்டுவிட்டார். சோறு போட்டால் தட்டைப் பார்ப்பார். பேசினால் சுவரைப் பார்ப்பார். பெண்ணைப் புண்படுத்தாமல் இருக்க அவருக்குத் தெரிந்த வழி அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்குக் கிளம்பும்போது பிரிஸ்கில்லா செருப்பை மாட்டாமல் வாசலில் நின்றாள்.

"ஏம்ப்பா, என்னையப் பாக்கவே மாட்டேங்குற? அம்புட்டு அசிங்கமாவா ஆயிட்டேன்?"

பார்த்தாலும் குற்றம், பார்க்காவிட்டாலும் குற்றம் என்றால் ஒரு மனிதன் என்னதான் செய்வான்? ஆரோக்கியதாஸ் நிமிர்ந்தார். எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. பழக்கதோஷத்தில் பார்வை கன்னத்துக்குப் போனது. அதை இழுத்து மேலே கொண்டுவந்தார். ஷாப்புக்கு வரும் தோலில் தலை இருக்காது. கண்ணைப் பார்த்து அவருக்குப் பழக்கமே இல்லை. மகளின் கண் இரண்டும் சிவந்து, இமை தடித்துக் கிடந்தன.

"ராத்திரி தூங்கலையா தாயி?" என்றார்.

"தூங்கி ரொம்ப நாளாச்சுப்பா" என்றாள் பிரிஸ்கில்லா.