ஐந்தருவியில் வெந்நீர்

தென்காசியில் தேர்தலுக்கு நின்ற தளவாய் அண்ணாச்சியின் மெயிலை வெளிநாட்டிலிருந்து எவனோ படிக்கிறான் என்று முதலில் கண்டுபிடித்தவள் சமீனா. அவருடைய பிரச்சார அலுவலகத்தில் கம்ப்யூட்டர் வேலை முழுக்க அவள் பொறுப்பு. அண்ணாச்சி வடகரையில் திறந்த வேனில் கும்பிட்டுக்கொண்டு போன அதே நேரத்தில், அவர் மெயில் கடல் கடந்து ஏதோ ஊரில் திறந்து கிடந்தது.

"எதையாவது அமுக்குனீங்களா அண்ணாச்சி?"

"உங்க வேட்புமனு தள்ளுபடின்னு ஒண்ணு வந்துச்சு. பதறிப்போய்த் தொட்டேன். பாஸ்வேர்டு கேட்டான், குடுத்தேன்."

"கேட்டா குடுத்துருவீங்களா?"

"ஊரெல்லாம் ஓட்டு கேட்டுட்டுத் திரியுதேன். இன்னொருத்தன் கேட்டா எப்படி இல்லைங்கது?"

சமீனா உண்மையான திட்டங்களைப் புது மெயிலுக்கு மாற்றி, போனுக்கு வரும் எண்ணையும் கேட்கும் இரட்டைப் பூட்டுப் போட்டாள். சைபர் கிரைம் போலீசில் புகார் கொடுத்தாள். பழைய மெயிலை உடனே மூடச் சொன்னார்கள். ஆனால் அவளுக்குக் கை அரித்தது. மூடுவதற்கு முன்னால், 'மிக ரகசியம்' என்று தலைப்புப் போட்டு ஒரு திட்டத்தை அதில் விட்டுவைத்தாள். அண்ணாச்சி ஜெயித்தால் மலை உச்சியில் மோட்டார் வைத்துக் கோடையிலும் ஐந்தருவியில் தண்ணீர் விழவைப்பார். ஐந்தில் ஒன்றில் வெந்நீர்.

மறுநாள், திடீரென்று முளைத்த ஒரு இணையப் பக்கம் 'சதி அம்பலம்!' என்று அலறியது. எழுதியவனுக்குத் தமிழ் தெரியாது, மெஷின் பெயர்த்துக் கொடுத்த தமிழ். அதில் அண்ணாச்சி அன்னாசிப்பழம் ஆகியிருந்தார். 'மக்களே எச்சரிக்கை! அன்னாசிப்பழம் மலையில் மோட்டார் வைக்கிறது!' அலுவலகமே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது.

சிரிப்பெல்லாம் சாயங்காலம் வரைதான். ஐந்தருவியில் பஜ்ஜிக் கடை போடும் காளீஸ்வரி, மற்ற கடைக்காரர்களையும் கூட்டிக்கொண்டு மாலையோடு வந்துவிட்டாள்.

"சீசன் முடிஞ்சா ஈ ஓட்டுதோம் அண்ணாச்சி. எங்களை நினைச்சு யாரு இப்படி யோசிச்சிருக்கா? அந்த வெந்நி அருவிகிட்ட எனக்கு ஒரு கடை குடுத்துருங்க."

கழுத்தில் மாலையோடு அண்ணாச்சி சமீனாவைப் பார்த்தார். அவளுக்கு முகம் சுண்டிவிட்டது. எவனையோ ஏமாற்றப் போய் இவர்களை ஏமாற்றியிருக்கிறோம் என்று அப்போதுதான் உறைத்தது. முன்னால் வந்து எல்லாவற்றையும் சொன்னாள்.

"அப்ப வெந்நி கிடையாதா?" என்றாள் காளீஸ்வரி.

"தண்ணியே கிடையாதுக்கா. நான் எழுதுன பொய். மன்னிச்சிருங்க."

"நல்லா இருப்பே! இத்தனை பேரு ஆட்டோ பிடிச்சுலா வந்திருக்கோம்." முறைத்தபடியே தன் போனை எடுத்து நீட்டினாள். "பார்சல் வந்திருக்கு, இதைத் தொடுன்னு எனக்கும் ஒருத்தன் தினமும் அனுப்புதான். அதையாவது என்னன்னு பாரு."

அதுவும் திருட்டு வேலைதான், தொடாதீங்க என்று சொல்லிவிட்டு, சமீனா அங்கனயே உட்கார்ந்து, வந்தவர்கள் எல்லார் போனுக்கும் பூட்டுப் போட்டுக் கொடுத்தாள். காளீஸ்வரி போகும்போது மறக்காமல் மாலையைத் திரும்ப வாங்கிக்கொண்டாள்.

இரண்டு நாள் கழித்து, எதிர்த்து நின்ற பிச்சுமணியே அண்ணாச்சிக்குப் போன் போட்டார். "என் மெயிலுக்குள்ளயும் எவனோ இருக்கான் போல. அந்தப் பிள்ளைய கொஞ்சம் அனுப்புதீரா?"

அண்ணாச்சி யோசிக்கவே இல்லை. "போயிட்டு வா சமீனா. அவனைத் தோக்கடிக்க நான் ஒருத்தன் போதும். வெளிநாட்டுக்காரன் எதுக்கு?"

எதிராளி ஆபீசிலிருந்து ஆள் வருகிறது என்று, சுவரில் இருந்த பூத் விவரங்களை எல்லாம் பிச்சுமணியின் ஆட்கள் போர்வையால் மூடி வைத்திருந்தார்கள். மெயில் பாஸ்வேர்டு மட்டும் கம்ப்யூட்டர் மேலேயே பெரிய எழுத்தில் ஒட்டியிருந்தது. சமீனா முதல் வேலையாக அதைக் கிழித்துப் போட்டாள்.