மாத்திரையில் பங்கு

சோளக்காடு ஊரில் நடக்கும் மாலை நேரக் கணினி வகுப்பில், தட்டச்சுப் பழக தினமும் ஒரு பக்கம் சொந்தமாக அடித்து வரச் சொல்லியிருக்கிறார்கள். நான் இந்த மாதம் நடந்ததை அடிக்கிறேன். எங்காவது விட்டுப்போயிருந்தால் அது என் கவனக்குறைவு.

எங்கள் ஊரில் நாற்பத்திரண்டு வீடுகளுக்கு ரத்த அழுத்த மாத்திரை கொண்டுபோய்க் கொடுப்பது என் வேலை. முன்பெல்லாம் இதற்கு பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ஒரு நாள் வேலை கெடும். பலர் போகவே மாட்டார்கள். இப்போது அரசாங்கமே வீட்டுக்கு அனுப்புகிறது. மாதம் ஒருமுறை அழுத்தம் பார்த்து, எண்ணை நோட்டில் எழுதி, முப்பது மாத்திரை கொடுக்க வேண்டும். நான் இந்த வேலையில் சேர்ந்து ஆறு மாதம் ஆகிறது.

பாப்பாயி அத்தைக்கு தை மாதம் 162 இருந்தது. மாத்திரை தொடங்கியதும் 150, பிறகு 148. சித்திரையில் திரும்ப ஏறியது: 160. அடுத்த மாதம் 170. இந்த மாதம் ஆறாம் தேதி 184.

முதலில் என் கையைத்தான் சந்தேகப்பட்டேன். பட்டையைத் தளர்வாகக் கட்டிவிட்டேனோ என்று அவிழ்த்துக் கட்டினேன். 182. அத்தை அப்போதுதான் பலாப்பழம் சுமந்து இறக்கியிருந்தார். அதனால் இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, நோட்டில் 160 என்று எழுதினேன்.

"மாத்திரை தெனமும் சாப்பிடறீங்களா அத்தை?"

"ஒரு நாளு உடறதில்ல கண்ணு. வேணும்னா பாரு."

காலி அட்டைகளைக் கொண்டுவந்து காட்டினார். ஒன்றில்கூட மாத்திரை மிச்சமில்லை.

180 தாண்டினால் அன்றைக்கே தகவல் சொல்ல வேண்டும், இல்லையென்றால் கை கால் விழுந்தபின்தான் தெரியும் என்று ஆஸ்பத்திரி நர்ஸ் சுகுணா அக்கா பயிற்சியின்போது சொல்லியிருந்தார். நான் எழுதிய 160 மூன்று நாள் உறுத்தியது. ஒன்பதாம் தேதி காலையில், சொல்லாமல் திரும்பப் போனேன்.

வாசலில் பலாக்கொட்டை காய்ந்துகொண்டிருந்தது. அத்தை ஒரு மாத்திரையைப் பாக்குவெட்டியில் வைத்து இரண்டாக நறுக்கினார். ஒரு பாதியை வாயில் போட்டுக்கொண்டார். மறுபாதியைக் காகிதத்தில் மடித்து வேலிக்கு மேலே நீட்டினார். அதை வாங்கிக்கொண்டவர் பக்கத்து வீட்டிலிருக்கும் அவருடைய கொழுந்தன் மனைவி இருசாயி.

"என்னங்க அத்தை இது?" என்றேன்.

அத்தையின் கணவர் வெள்ளையன் மாமாதான் பதில் சொன்னார். "அண்ணன் ஊட்டுக்கு எது வந்தாலும் தம்பி ஊட்டுக்குப் பங்கு போவணும். கறின்னாலும் பலாப்பழம்னாலும் அதான் வழக்கம். உனக்குத் தெரியாததா?"

"இது கறி இல்லீங்க மாமா."

"கறியா இருந்தா உனக்கும் ஒரு பங்கு வச்சிருப்பமே."

இருசாயி சிரிக்கவில்லை. "கேரளாவுல மொளகு பறிக்கையில ஏணியில நின்னவாக்குல தலை சுத்திருச்சு. அங்கத்த டாக்டரு பிரஷருன்னாரு. பங்குனியில ஊருக்கு வந்ததும் உன்னத்தான் கேட்டேன். லிஸ்டுல பேரில்ல, அடுத்த முகாம் வரட்டும்னு நீதான சொன்ன?"

சொன்னேன். எல்லோருக்கும் அழுத்தம் பார்த்துப் பட்டியல் எடுத்த முகாம் நடந்தபோது அவர் ஊரில் இல்லை. பட்டியலில் இல்லாதவருக்கு மாத்திரை தரக் கூடாது. விதிப்படி நடந்துகொண்டதாக அன்று எனக்குத் திருப்தியாகக்கூட இருந்தது.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்லீங்க அத்தை?"

"சொன்னா ரெண்டு பேத்துக்கும் நிறுத்திப்புட்டீங்கன்னா? ஆளுக்குப் பாதியாச்சும் உள்ள போவட்டும்னுதான்."

இருவருக்கும் பார்த்தேன். அத்தைக்கு 186. இருசாயிக்கு 178. இரண்டையும் அப்படியே எழுதிக்கொண்டு, சிக்னல் கிடைக்கும் பாறைமேல் ஏறி சுகுணா அக்காவைக் கூப்பிட்டேன். 160 என்று எழுதியதையும் சொன்னேன்.

"ஏம்புள்ள, அப்புறம் உனக்கு மெஷின் எதுக்கு? மூஞ்சியப் பார்த்தே எழுதிரலாமே."

"நாந்தான் தப்பாப் பார்த்துட்டேன்னு நெனச்சேனுங்கக்கா."

"சந்தேகம்னா எனக்குப் போன் போடு. நீ யோசிச்சு முடிக்கறதுக்குள்ள அந்தம்மாவுக்கு வாய் கோணிக்கும். அந்த இன்னொருத்திய எதுக்கு முகாமுக்குக் காக்க வச்ச? மெஷின் உன் கையில இருக்குது. அதிகமா இருந்தா இங்க கூட்டிட்டு வா. டாக்டர் பார்த்து எழுதுனா அன்னைக்கே லிஸ்டுல சேர்ந்தாச்சு."

இது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். பயிற்சியில் சொல்லியிருப்பார்கள், நான்தான் சரியாகக் கேட்கவில்லை போல.

மதிய பஸ்ஸில் இருவரையும் அழைத்துப் போனேன். டாக்டர் இருசாயிக்குத் தனிச் சீட்டு எழுதினார். நோட்டில் 160ஐ அடித்துவிட்டு, பக்கத்தில் 184 என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மறுநாள் காலை அத்தை என் எதிரிலேயே முழு மாத்திரையை விழுங்கினார். "முழுசையும் ஒருத்தியே திங்கறது என்னமோ மாதிரி இருக்குது" என்றார். ஒரு வாரத்தில் 168. இரண்டு வாரத்தில் 154. இன்னும் இறங்க வேண்டும்.

மாத்திரை தினமும் சாப்பிடுகிறீர்களா என்றுதான் ஆறு மாதமாக எல்லா வீட்டிலும் கேட்டிருக்கிறேன். எல்லோரும் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார்கள்.

நேற்று அர்த்தனாரி மாமா வீட்டுக்குப் போனேன். அவருக்கு 170. நோட்டை மடியில் வைத்துக்கொண்டு, "இந்த மாத்திரையில யாருக்கெல்லாமுங்க பங்கு?" என்று கேட்டேன்.

அவர் தன் மனைவியைப் பார்த்தார். அந்த அம்மா கொஞ்சம் யோசித்துவிட்டுப் பின்வீட்டுப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார்.

"பாவாயி, அப்படியே சின்னராசையும் கூட்டிக்கிட்டு இங்க வா. சட்டைக் கையை மடிச்சு உட்டுக்கிட்டு வரச் சொல்லு."