மரண உதவிச் சங்கத்தின் முட்டை அடுப்பு

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்த பின்னர் நெருப்புத் தொடர்பாக எடுக்கப்படும் இரண்டாவது மாபெரும் தீர்மானம், எதிர்வரும் ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் எமது மரண உதவிச் சங்கத்தின் விசேட பொதுக்கூட்டத்தில் எடுக்கப்படவுள்ளது என்பதைச் சகல அங்கத்தவர்களுக்கும் பெருமகிழ்ச்சியுடன் அறியத்தருகின்றோம்.

றக்வானைக்கு மேலே, தேயிலைத் தோட்டத்து மேல் டிவிசனில், வேலைக்குப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுச்செல்லும் பிள்ளை மடுவத்துச் சுவரில் ஒட்டியிருந்த இந்த அறிவித்தலை எழுதியவர் சங்கத் தலைவர் நல்லையா. மரண உதவிச் சங்கத்துக்குப் பெருமகிழ்ச்சி எங்கிருந்து வந்தது என்று யாரும் அவரிடம் கேட்கவில்லை. தலைவரிடம் கேள்வி கேட்டால் பதில் வராது, உரைதான் வரும்.

விசயம் இதுதான். தோட்டத்தில் ஒருவர் இறந்தால் கதிரை, அண்டா, கூடாரம் கொடுத்து உதவும் சங்கத்திடம், பல வருடம் சேர்ந்த நிதி கொஞ்சம் இருந்தது. அதில் பெரிதாக ஒன்று வாங்கலாம், ஒன்றே ஒன்றுதான். கமிட்டியில் இருந்த கிருஷ்ணகுமாரி புதுக் கூடாரம் கேட்டாள். தலைவர் செரமிக் கிரில் கேட்டார்.

செரமிக் கிரில் என்பது இறைச்சி சுடும் அடுப்பு. கொழும்பில் மகன் நிரோஷனின் முதலாளி வீட்டு விருந்தில் தலைவர் அதைக் கண்டிருந்தார். ஆள் இடுப்பு உயரத்தில், பளபளவென்று கறுப்பாய், முட்டை வடிவில், மேலே மூடியும் அதன் உச்சியில் ஒரு புகைத் துளையுமாக நின்றதாம். கண்டு திரும்பிய நாளிலிருந்து, ஞானம் பெற்றவரைப் போலத்தான் மனுஷர் நடமாடினார்.

கிருஷ்ணகுமாரிக்கு ஞானம் எதுவும் கிடைக்கவில்லை. கிடைத்தது மழை. போன வருடம் அவள் அம்மா இறந்தபோது, சங்கத்தின் கூடாரத்துக்குக் கீழே பெட்டியை வைத்தார்கள். அந்தக் கூடாரத்துக்குள் நின்று மேலே பார்த்தால் பகலிலும் நட்சத்திரம் தெரியும். அம்மாவின் முகத்தில் சொட்டுச் சொட்டாக விழுந்த தண்ணீரைத் தடுக்க, பகல் முழுக்கக் குடை பிடித்துக்கொண்டு நின்றவள் அவள். அழக்கூட ஒரு கை மிச்சமிருக்கவில்லை. இனி இந்தத் தோட்டத்தில் யாரையும் நனைய நனைய அனுப்புவதில்லை என்று அன்றைக்கே தீர்மானித்திருந்தாள். அடுத்ததாகப் போகக்கூடியவர் என்று ஊரே கணக்குப் போட்டு வைத்திருந்தது அவளுடைய அப்பா மருதையைத்தான். போன மாதம் மனுஷர் இரத்தினபுரி ஆஸ்பத்திரியில் கிடந்து வந்திருந்தார்.

கமிட்டிக் கூட்டத்தில் அவள் நேரடியாகவே கேட்டாள்.

"தலைவரே, செத்த வூட்டுல யாருங்க கோழி சுடுறது?"

"செத்த வூட்டுக்கு இல்லம்மா, வாடகைக்கு! கீழ பங்களாவுல கொழும்பு ஆளுங்க வந்து தங்குறாங்களா இல்லையா? அவங்க என்னா கேக்குறாங்க?"

"போனுக்கு சிக்னல் கேக்குறாங்க" என்றார் மருதை. அவர் கமிட்டியில் இல்லை. தேத்தண்ணிக்காக வந்திருந்தார்.

"நவீனம்மா, நவீனம்! சங்கம்னா எப்பவும் சாவ மட்டும் நம்பிக்கிட்டு இருக்கக் கூடாது."

இந்த வாக்கியத்துக்குக் கைதட்டல் கிடைத்தது. கைதட்டியவர்களில் பாதிப் பேர் வீட்டுக்குப் போகிற வழியில்தான் அதன் அர்த்தத்தை யோசித்தார்கள். தலைவர் விடவில்லை. கடையிலிருந்து ஓர் அடுப்பையே கூட்டத்துக்குக் கொண்டுவந்து, கோழி சுட்டுக் காட்டி, எல்லோரும் தின்று பார்த்த பிறகு வாக்கெடுக்கலாம் என்றார். கோழி தின்ற வாய் எந்தப் பக்கம் பேசும் என்பது அவருக்குத் தெரியும்.

கிருஷ்ணகுமாரி கொஞ்சம் யோசித்தாள்.

"சரிங்க. ஆனா பிள்ளை மடுவத்துக்குள்ள பொகை போடக் கூடாதுங்க, பச்சப் புள்ளைங்க படுக்கிற எடம். வெளிய கிரவுண்டுல வச்சுக்குவோம். நம்ம சங்கத்துக் கூடாரத்தையே கட்டிருவோம்."

"பிரமாதம்!" என்றார் தலைவர்.

அந்த மாதத்தில் பகல் சாப்பாட்டுக்குப் பிறகு றக்வானையில் மழை தப்பாமல் வரும் என்பது தலைவருக்கும் தெரிந்ததுதான். ஆனால் தலைமையுரை எழுதிக்கொண்டிருக்கும் மனிதனுக்கு வானம் ஞாபகம் வராது.

ஞாயிற்றுக்கிழமை அடுப்பு வந்தது. லொறியிலிருந்து இறக்க நாலு பேர் தேவைப்பட்டார்கள். தோள் கொடுத்து, காலடி பிசகாமல் ஒரே சீராக நடந்து கொண்டுவந்து வைத்தார்கள். சங்கத்தின் நீண்டகால அனுபவம் வீண்போகவில்லை.

கடையிலிருந்து கூடவே வந்த றம்ஸான் சிரட்டைக் கரியைப் போட்டுப் பற்றவைத்தார். நல்ல பிள்ளை, பேச்சில் சீனி போட்டிருந்தது.

"சேர், இது சாமானிய அடுப்பு இல்ல. சூடு உள்ளுக்கே நிக்கிம். மழை பெஞ்சாலும் ஒண்ணும் ஆகாது. ஆயுள் முழுக்க கேரண்டி இரிக்கி."

"யாரு ஆயுளுங்க தம்பி?" என்று மருதை கேட்டார். "ஒங்க ஆயுளா, என் ஆயுளா? என்னுதுன்னா வாங்காதீங்க, நட்டம்."

தலைவர் வெள்ளைச் சட்டையும் மாலையுமாக எழுந்து நின்றார். மாலையை அவரே வாங்கி வந்திருந்தார். "குகையில் வாழ்ந்த மனிதன்..." என்று உரையைத் தொடங்கி, மனிதனைக் குகையிலிருந்து வெளியே எடுத்து, விவசாயம் பழக்கி, கப்பலில் ஏற்றித் தோட்டத்துக்குக் கொண்டுவந்து சேர்ப்பதற்குள் கோழி வெந்துவிட்டது.

உண்மையைச் சொல்லத்தான் வேண்டும். கோழி அபாரமாக இருந்தது. தோல் மொறுமொறுவென்று, உள்ளே சாறு வற்றாமல், எலும்பு வரைக்கும் உப்பும் மிளகும் இறங்கியிருந்தது. மருதை மூன்று துண்டு தின்றார். கிருஷ்ணகுமாரியும் ஒன்று தின்றாள். தின்னும்போதே அவள் முகம் வாடியது. அவ்வளவு ருசி. இந்தக் கோழியை எதிர்த்து புதுக் கூடாரத்துக்காகப் பேசி யார் ஜெயிப்பது?

அப்போதுதான் கீழே வளைவில், சாவுக்கு அடிக்கும் தப்பு மேளத்தின் சத்தம் கேட்டது.

எவரும் யோசித்திராத ஒன்று நடந்திருந்தது. அந்தத் தோட்டத்தில் சங்கத்துக் கூடாரம் ஒரே ஒரு காரணத்துக்காகத்தான் எழும்பும். பள்ளத்துக்கு அந்தப் பக்கம் கீழ் டிவிசனில் இருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். மேலே நீலக் கூடாரம், கதிரைகள், கூட்டம், புகை. அறிவித்தலை ஒருவரும் படித்திருக்கவில்லை. படிக்க என்ன இருக்கிறது? கூடாரம் கட்டியாயிற்று, ஆள் மருதை.

மொத்தக் கீழ் டிவிசனும் ஏறி வந்தது. முன்னால் தப்பு, பின்னால் வெள்ளைக் கொடி, அதற்குப் பின்னால் வாழைக்குலை, அரிசி, சீனி. சந்திக் கடை சுனில் முதலாளியும் கடையைச் சாத்திவிட்டு வந்திருந்தார். "அனே, கவுத மளே?" என்று செத்தவர் யாரென்று சிங்களத்தில் விசாரித்தார். எல்லோருக்கும் முன்னால் மருதையின் தங்கை மகள் விஜயகலா தலையை விரித்துப் போட்டுக்கொண்டு ஓடி வந்தாள்.

"மாமா! எங்கள விட்டுட்டுப் போயிட்டீங்களே மாமா!"

மாமா நாலாவது துண்டை எடுத்துக்கொண்டிருந்தார்.

விஜயகலா நின்றாள். வாய் திறந்தபடி இருந்தது, ஒப்பாரி மட்டும் நின்றுவிட்டது.

"என்னா மாமா, நீங்க உசுரோடயா இருக்கீங்க?"

"கோவிச்சுக்காத புள்ள, அடுத்த வாட்டி பாப்போம்."

"நான் சோத்த அடுப்புலயே வச்சிட்டு ஓடியாந்தேன்!"

"அதுக்குத்தான் மூடி போட்ட அடுப்பு வாங்கப் போறாங்களாம். இந்தா, நெஞ்சுக்கறி."

தப்படித்தவர்களுக்குக் கோழி கிடைக்கவில்லை. அந்தக் குறையை அவர்கள் பேசத் தொடங்கிய நிமிடத்தில் மழை வந்தது.

சாதாரண மழை இல்லை. மலையைத் தூக்கிக் கொட்டியது போல ஒரு மழை. இரண்டு டிவிசனும் ஒரே கூடாரத்துக்குள் புகுந்தது. வெளியில் நின்றவர்களாவது மேலேயிருந்து வந்த மழையில் நனைந்தார்கள். உள்ளே நின்றவர்கள் கூடாரம் வயிறு வீங்கிச் சேர்த்து வைத்திருந்த தண்ணீரில், தாரை தாரையாக நனைந்தார்கள். தலைவரின் உரைத் தாளில் குகை மனிதன் கரைந்து சட்டைப் பையில் இறங்கினான். ஒருவர் பிளாஸ்டிக் கதிரையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தார். பார்த்துக்கொண்டிருந்த எல்லோரும் தூக்கினார்கள். நடுவில் அடுப்பு மட்டும் மூடியைப் போட்டுக்கொண்டு, உள்ளே ஒரு சொட்டும் நனையாமல், சந்தோசமாகப் புகை விட்டது.

"பாத்தீங்களா சேர்!" என்றார் றம்ஸான், நடுங்கிக்கொண்டே. "மழைக்கு ஒண்ணும் ஆகல்ல!"

"அதுக்கு ஒண்ணும் ஆகலங்க" என்றாள் கிருஷ்ணகுமாரி.

தலைவர் தாமதித்தால் ஆபத்து என்று கண்டுகொண்டார். "வாக்கெடுப்பு! செரமிக் கிரில் வேணும்ங்கிறவங்க கைய தூக்குங்க!"

சொல்லிவிட்டுப் பார்த்தார். கூடாரத்துக்குள் ஒரு கைகூடக் கீழே இல்லை.

"ஏகமனதாக..." என்று அவர் தொடங்கினார்.

"யோவ், நாங்க கதிரய புடிச்சிக்கிட்டு நிக்கிறோம்யா!" என்று நாலு பக்கமும் சத்தம் எழுந்தது.

கிருஷ்ணகுமாரி முன்னால் வந்தாள். தலைமேல் கதிரை, கன்னத்தில் மழை. குடை பிடித்து நின்ற அந்த நாளின் கோபமெல்லாம் குரலுக்கு வந்துவிட்டிருந்தது.

"கைய தூக்கச் சொல்லாதீங்க தலைவரே, எறக்கச் சொல்லுங்க! கோழி நல்லாத்தான் இருந்திச்சி, நானும் தின்னேன். அந்த அடுப்பு வேணும்ங்கிறவங்க கதிரய கீழ வச்சிட்டு, எங்கம்மா நனைஞ்ச மாதிரி ஒரு நிமிசம் நனைங்க. அது போதும்!"

எல்லோரும் தலைவரைப் பார்த்தார்கள்.

நல்லையா கதிரையைக் கீழே வைத்தார். தலைவர் அல்லவா? நிமிர்ந்து நின்றார். அவர் நேர் மேலே கூடாரத்தின் தையல் விட்டது. சேர்ந்திருந்த தண்ணீர் முழுவதும் ஒரே தடவையில் மாலையோடு அவரை நனைத்து முடித்தது. மூன்று நொடி நின்று பார்த்தார். பிறகு குனிந்து, கதிரையை எடுத்து, தலைமேல் வைத்துக்கொண்டார்.

"கூடாரம்" என்றார், மூக்கிலிருந்து தண்ணீரை ஊதியபடி.

எழுந்த ஆரவாரத்தில் தப்புக்காரர்கள் தாங்களாகவே அடிக்கத் தொடங்கினார்கள். இந்தத் தடவை அடி வேறு, கல்யாண அடி. விஜயகலா கதிரையோடு ஆடினாள். சுனில் முதலாளி, செத்தவர் யாரென்று இன்னும் தெரியாத நிலையிலும், வெள்ளைக் கொடியை வீசிக்கொண்டு கூடவே ஆடினார். மருதை மகளைப் பார்த்தார். "ஒங்கம்மா பாத்திருந்தா சிரிச்சிருப்பா" என்றார். கிருஷ்ணகுமாரி அப்போதுதான், குடை இல்லாத அந்தக் கூட்டத்துக்கு நடுவில், ஆசை தீர அழுதாள். மழையில் யாருக்கும் தெரியவில்லை.

அடுத்த கிழமை இரத்தினபுரியிலிருந்து புதுக் கூடாரம் வந்தது. சந்தியிலிருந்து மேல் டிவிசன் வரை வெடி கொளுத்தி, மாலை போட்டு, ஊர்வலமாகக் கொண்டுவந்தார்கள். வரவேற்புரை நல்லையா. கூடாரம் வேண்டும் என்ற தனது நெடுநாள் கனவு நிறைவேறியதாக அதில் சொன்னார். இனிமேல் மரணம் சம்பவித்தால் தவிர வேறெதற்கும் கூடாரத்தைக் கட்டுவதில்லை என்றும் ஏகமனதாகத் தீர்மானமானது.

எட்டு மாதமாகிறது. தோட்டத்தில் இன்னும் ஒருவரும் சாகவில்லை.